கயிற்றுக்கு அந்தப் பக்கம்

தரை கெடாமலிருக்க வாசலில் தந்த கம்பளிச் செருப்பை ஷூவின் மேலேயே மாட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்க வந்த எல்லோரும் தடுமாற, ஒரு பெரியவர் மட்டும் அரண்மனை மரத்தரையில் சர்சர்ரென்று சறுக்கிப் போனார்.

"கண்ணாடி மண்டபம் அடுத்த கதவுதானேம்மா?" என்று வேறு கேட்டார்.

வழிகாட்டி ராத்கா, டிக்கெட் கிழிக்கும் க்வேதாவின் காதைக் கடித்தாள். "கம்யூனிஸ்ட் ஆட்சி போனதிலேருந்து பழைய பிரபுக்கள் வந்து அரண்மனையைத் திருப்பிக் கேக்குறாங்களே, அதுல ஒருத்தர்டி இவர். நம்ம வேலை போச்சு!"

"அப்ப நல்லா கவனிச்சு அனுப்பு."

மண்டபத்தில் யாரையும் தாண்டவிடாத சிவப்புக் கயிற்றை ராத்காவே கழற்றினாள். "நீங்க உள்ள வாங்க பிரபுவே!"

அவர் ஜன்னலோரம் போய் நின்றார். கீழே, கத்தரித்த செடிகள் கோலம் போட்டதுபோல் விரிந்திருந்தன.

"இங்கதாம்மா என் கட்டில்."

"தெரியும் பிரபுவே. உங்க குடும்பத்துப் படம்கூட..."

"குடும்பமா? யுத்தம் முடிஞ்சதும் இது அநாதை விடுதிம்மா. இந்த மண்டபம் பூரா கட்டில்தான். கால்ல துணியைக் கட்டிவிட்டு எங்களைச் சறுக்கச் சொல்வாங்க, தரை பளபளன்னு ஆகணுமே! அந்தத் தோட்டத்துல அப்ப உருளைக்கிழங்கு."

ராத்காவின் முகம் போன போக்கைப் பார்த்து அவர் தானாகவே கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கம்மா. நான் பிரபு வம்சம் இல்ல."

ராத்கா கயிற்றை மாட்டப் போனாள். மாட்டவில்லை.

"உங்க வீடுதானே ஐயா," என்றாள். "உள்ள வாங்க."