ஹில்டே சாப்பிட்ட பிட்டு

"இதுதானா?" என்று கேட்டார் பெரித்.

துசாந்தினி பிட்டுக்குழலைச் சரித்துத் தடியால் தள்ளினாள். ஆவியோடு ஒரு துண்டு தட்டில் விழுந்தது.

"இதுதான்," என்றாள் நோர்வேஜிய மொழியில்.

பெரித் கரண்டியை எடுக்கவில்லை. இதற்காக ஸ்தவாங்கரிலிருந்து நாள் முழுக்க ரயிலில் வந்தவர், ஒஸ்லோவில், குரோருட் பகுதியின் அடுக்குமாடி வீடொன்றின் சமையலறையில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் அதற்குமுன் சந்தித்ததில்லை.

துசாந்தினி பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தாள். இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புக் கரைக்குப் போன பயணிகள் அங்கே சாப்பிட்டதைப் பற்றி இணையத்தில் எழுதியவற்றைத் தேடிப் படிப்பதுதான் ஆய்வு. சுவையைப் பற்றிய வரிக்கு மஞ்சள், வயிற்றுப் பயத்துக்குச் சிவப்பு, உபசரிப்புக்குப் பச்சை என்று நிறம் பூசுவாள்.

ஏன் மட்டக்களப்பு என்று பேராசிரியர் கேட்டபோது, அதை இதுவரை யாரும் ஆராயவில்லை என்றாள்.

ஒரு பதிவுக்கு மட்டும் அவளால் எந்த நிறமும் பூச முடியவில்லை.

2004 டிசம்பர் 25, நத்தார் நாளன்று ஹில்டே என்ற நோர்வே இளம்பெண் எழுதியது. கடலோரத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. குழலில் அவித்த, பனிபோல உதிரும் ஏதோ ஒன்று. "கடைக்கார அம்மா கேட்காமலே இன்னொரு துண்டு வைத்தார். போதும் என்று தட்டைக் கையால் மறைத்தேன். என் விரல்களின் மேலேயே சொதியை ஊற்றிவிட்டுச் சிரித்தார். நாளைக் காலை இறால் கறி வைப்பாராம். கட்டாயம் வரவேண்டுமாம். விடிகாலை பஸ்ஸைத் தவறவிடப் போகிறேன்."

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. மறுநாள் காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது.

ஹில்டே எப்படியாவது தப்பியிருக்கலாம் என்ற ஆசையில், துசாந்தினி அந்தப் பதிவைப் பயன்படுத்த அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள்.

பதில் ஹில்டேயின் தாய் பெரித்திடமிருந்து வந்தது. மகளின் மின்னஞ்சல் பெட்டியை அவர் இன்னும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மகள் அந்தச் சாப்பாட்டின் பெயரை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியுமா? ஒரு தடவை அதைச் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும்."

கணவன் இந்திரகுமார் அதை வாசித்துவிட்டு, "அந்த மனிசியை இஞ்சை கூப்பிடாதையும்," என்றான். "முகத்தைப் பாத்து என்னெண்டு கதைக்கப் போறீர்?"

அவள் கூப்பிட்டாள். குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்குப் போய் அரிசிமாவும் தேங்காயும் வாங்கிவந்தாள். இறாலும் வாங்கினாள். ஹில்டே சாப்பிடாத கறியையும் வைத்துவிடவேண்டும் என்று தோன்றியது.

பெரித் ஒரு வாய் எடுத்தார். மெதுவாக மென்றார். பிறகு இறாலோடு இன்னொரு வாய். அதன்பின் நிமிரவே இல்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.

"ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தக் கடைக்காரியை வெறுத்துக்கொண்டிருந்தேன்," என்றார். "அவள் கூப்பிட்டிருக்காவிட்டால் ஹில்டே பஸ் ஏறியிருப்பாள்."

துசாந்தினி அடுப்பை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"இன்றைக்குத்தான் தெரிகிறது. நானாக இருந்தாலும் பஸ்ஸை விட்டிருப்பேன்."

வெளியே மார்ச் மாதத்துப் பனி, வாகனத் தரிப்பிடத்தில் அழுக்காக உருகிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு பிள்ளை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே போனது.

"அந்த அம்மா தப்பினாரா? உன் ஆய்வில் ஏதாவது தெரிந்ததா?"

"இல்லை. அவரும் அன்றைக்கே போய்விட்டார்."

பெரித் கண்ணை மூடிக்கொண்டார். "பாவம். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும்."

"ஒரு மகள்," என்றாள் துசாந்தினி. "கல்யாணம் முடித்து ஒஸ்லோவுக்கு வந்துவிட்டாள்."

பிட்டுக்குழலைத் தொட்டியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தாள்.

பெரித் அவளுடைய முதுகைப் பார்த்தார். பிறகு எழுந்து, அலுமாரியைத் திறந்து இன்னொரு தட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"வா," என்றார். "நீ இன்னும் சாப்பிடவில்லை."