பெட்டி கத்திய நேரம்

முதல் குத்திலேயே ஜதுர்சனின் மூக்கு உடைந்துவிட்டது.

இரண்டாவது குத்துக்கு அவன் ஐஸ் தொழிற்சாலையின் இரும்புக் கதவில் மோதி, ஈரச் சீமெந்தில் சரிந்தான். இலட்சுமணன் விடவில்லை. சேட்டுக் கொலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, மறுபடியும் குத்தினான்.

“என்ர தம்பி செத்துப்போனான்ரா! உன்ர பெட்டி அவன் விழுந்தாப் பிறகுதான்ரா கத்தினது!”

அது பொய்யில்லை. நேற்று, வெள்ளிக்கிழமை பின்னேரம், கொம்பிரசர் அறையில் அமோனியா கசிந்தது. வாயு கசிந்தால் கத்தும் சென்சர் பெட்டி உடனே கத்தியிருந்தால் மிசின் தானாகவே நின்றிருக்கும். நிற்கவில்லை. குழாய் மூட்டு விட்டுப்போய், உள்ளே நின்ற மிரோஜனின் நெஞ்சை வாயு எரித்துவிட்டது.

பிந்தித்தான் பெட்டி கத்தியது. கேட்டு மற்றவர்கள் ஓடிப்போனபோது, இலட்சுமணன் முகத்தில் ஈரத் துவாயோடு தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தான். கூடப்பிறந்தவன் என்றால் இவனல்லவா என்று ஊர் அழுதது. மிரோஜன் இரவைத் தாண்டவில்லை.

பெட்டிகளைப் பூட்டிய ஜதுர்சன் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறான் என்று தெரிந்ததும், இலட்சுமணன் விடியவே வந்து படலையில் காத்து நின்றான். குத்தும்போதெல்லாம் அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கையிலிருந்து வடிந்த இரத்தத்தில் எது தன்னுடையது, எது ஜதுர்சனுடையது என்று அவனுக்கே தெரியவில்லை.

பின்னாலிருந்து சிவபாதம் அவனை இறுக்கிப் பிடித்தார். அந்தத் தொழிற்சாலையில் மூத்த வேலையாள் அவர்.

“விடடா! எய்தவன் கனடாவில இருக்க அம்பை ஏன்ரா நோகிறாய்?”

எய்தவன் என்று அவர் சொன்னது முதலாளியை. போன வருடம் பதினெட்டுப் பெட்டிகளைப் பூட்டுவித்தவர் அவர்தான். குளிருக்கு, கரண்டுக்கு, கதவுக்கு, வாயுவுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சென்சர். குறை சொல்ல முடியாது. கரண்டுச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஐஸுக்குத் தட்டுப்பாடு வரவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு வள்ளக்காரரும் ஐஸ் வாங்க இங்கே ஊர்காவற்றுறைக்கே வரத் தொடங்கினார்கள். வேலை கூடியது, ஆளும் தேவைப்பட்டது. இலட்சுமணன் காலில் விழாக்குறையாகக் கேட்டு, தம்பியை உள்ளே சேர்த்துவிட்டான்.

ஆனால் மிசின் ஒரு நிமிடம் நின்றாலும் கனடாவில் தெரிந்துவிடும். மறுநிமிடமே மிசினுக்குப் பொறுப்பான இலட்சுமணனின் போன் அடிக்கும். முதலாளி ஏசும் ஏச்சை நாய்கூடக் கேட்காது.

வாயுப் பெட்டியிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் மிசினுக்குச் சாம்பிராணி காட்டினால் அந்தப் புகைக்கும் கத்தி, மிசினை நிறுத்திவிடும். நாத்திகப் பெட்டி என்று சிவபாதம் அதற்குப் பெயர் வைத்தார். இரண்டு மாதமாக அந்தக் கத்தல் இல்லை. பெட்டிக்குப் பக்தி வந்துவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். மிரோஜன் அதற்கு ஒரு சந்தனப்பொட்டுக்கூட வைத்துவிட்டான்.

இலட்சுமணன் திமிறினான். சிவபாதத்தைத் தள்ளிவிட்டு, ஐஸ் கட்டி இழுக்கும் கொக்கியைத் தூக்கினான். கூடி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். இனி இது அடியில்லை, கொலை.

ஜதுர்சன் ஓடவில்லை. போனை எடுத்து உயர்த்திப் பிடித்தான். பெட்டிகளின் கோடுகள் ஓடும் திரையெல்லாம் இரத்தம்.

“அண்ணை, கொல்ல முந்தி இதைப் பாருங்கோ. இரண்டு மாசமா ஒவ்வொரு வெள்ளியும் ஆறு பத்துக்கு வாயுப் பெட்டியின்ர கோடு கொஞ்ச நேரம் செத்துப்போகுது. சிக்னல் இல்லையாக்கும் எண்டு நான் விட்டிட்டன். அது என்ர பிழைதான். ஆனா நேற்று ஆறு நாற்பத்தொண்டுக்கு ஒரேயடியா உச்சிக்கு ஏறிக் கத்தியிருக்கு. ஆரோ அதைக் கட்டி மூடி வச்சு, பிறகு அவிட்டிருக்கினம்.”

ஜதுர்சன் திரையைத் துடைத்து அடுத்த கோட்டைக் காட்டினான்.

“கதவுப் பெட்டியில, கதவு திறந்தது ஆறு நாற்பதுக்கு. பெட்டி கத்த முந்தியே ஆரோ உள்ளுக்குப் போயிருக்கினம், அண்ணை.”

சிவபாதம் மெல்லத் திரும்பி இலட்சுமணனைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணிச் சட்டியோடு அந்த அறைக்குள் போகிறவன் ஒருவன்தான் என்று அவருக்குத் தெரியும். நேற்று ஆறரைக்கு லொறி வந்ததும், சாம்பிராணி காட்டியவன் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஐஸ் ஏற்ற ஓடியதும் நினைவிருந்தது.

கொக்கி இறங்கியது. ஜதுர்சனின் தலையில் அல்ல, போனில். கண்ணாடி நொறுங்கி நாலு பக்கமும் தெறித்தது.

“உடைச்சு என்ன செய்யிறது, அண்ணை,” என்றான் ஜதுர்சன், இரத்தத்தை விழுங்கிக்கொண்டு. “முதலாளியிட்டையும் இது இருக்குத்தானே.”

இலட்சுமணன் நேற்றுப் போட்ட சேட்டை இன்னும் மாற்றவில்லை. அதன் பொக்கற்றில் ஒரு பிளாஸ்ரிக் சொப்பிங் பையும் றப்பர் வளையமும் கசங்கிக் கிடந்தன. பையின் உள்பக்கத்தில் மிரோஜன் வைத்த சந்தனம் ஒட்டியிருந்தது.

நேற்று ஆறு நாற்பதுக்கு அவன் கதவைத் திறந்தபோது மிரோஜனுக்கு நினைவு இருந்தது. தரையில் கிடந்தபடி அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினான்.

இலட்சுமணன் அந்தக் கையைத் தாண்டிப் போய், முதலில் பெட்டியில் கட்டியிருந்த பையைக் கழற்றினான்.