இன்னும் கொஞ்சம் பாசி

"செவ்வந்தி! ஓடியா, ஓடியா! நீலமாயிருச்சு!"

கதிரேசன் போட்ட கூச்சலில், அடுக்களையிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள் அவன் மனைவி.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"அடியில பாரு! டைல்ஸ் தெரியுது. நம்ம பாப்பா தொலைச்ச கிளிப்பு தெரியுது. இனி நம்ம நீச்சல் குளத்தை ஒருத்தன் குறை சொல்ல முடியுமா?"

அன்னூர் பக்கம் இந்த வீட்டை வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. பழைய சொந்தக்காரர் இரண்டு வருடம் பூட்டிப் போட்டதில், பின்னால் இருந்த நீச்சல் குளம் பச்சைப் பசேலென்று பாசி பிடித்துக் கிடந்தது. தவளைகள் குடும்பம் குட்டியோடு குடியிருந்தன. இவனோ அதைச் சரியாக எட்டிக்கூடப் பார்க்காமல், "ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு எல்லாரும் நம்மூட்டுக்குக் குளிக்க வந்துருங்க" என்று கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டான்.

அப்புறம் என்ன, யூடியூப்தான் குரு. பகலில் போட்டால் வெயில் தின்றுவிடும் என்று பொழுது சாய்ந்ததும் குளோரின் போட்டான். ஃபில்டர் மோட்டார் ராப்பகலாக ஓடியது. பச்சை வெளுத்துப் பால் மாதிரி ஆனது. "இனி இறங்கலாமுங்க" என்று குளோரின் கடைக்காரர் சோதித்துச் சொன்னது நேற்றுத்தான். சொன்ன மறு நிமிஷம், கதிரேசனின் அப்பா மயில்சாமி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தேய்க்கிற பிரஷோடு உள்ளே இறங்கிவிட்டார்.

இன்றைக்கும் விடிந்ததிலிருந்து கழுத்தளவுத் தண்ணீரில்தான் நிற்கிறார்.

"அப்பா, போதுமுங்க, ஏறுங்க. தண்ணி கண்ணாடியாட்ட இருக்குது."

"இரு கண்ணு. இந்த மூலையில இன்னும் கொஞ்சம் பாசி இருக்குது."

அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தான். இப்போது எதிர் மூலையில் தேய்த்துக் கொண்டிருந்தார்.

"அப்பா, ஏறுங்கன்னா கேக்க மாட்டீங்களா? ஆளுக வாரதுக்குள்ள குளிச்சு, புது வேட்டி கட்டோணுமில்லீங்க?"

"ஆச்சு கண்ணு. இன்னும் கொஞ்சம்தான்."

கதிரேசனுக்குப் பொறுக்கவில்லை. முதல் குதி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரு வாரமாகக் கனவு வேறு. மகள் யுவஸ்ரீயைக் கூப்பிட்டான்.

"பாப்பா, கண்ணாடி போட்டுட்டு முங்கிப் பாரு. தாத்தா சொல்ற பாசி எங்க இருக்குதுன்னு பாத்துச் சொல்லு."

அவள் இதற்காகவே காத்திருந்தவள் போல, அப்பாவை முந்திக்கொண்டு தொபுக்கென்று குதித்தாள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"ஒண்ணுமே இல்லீங்கப்பா! தாத்தா வெறும் டைல்ஸைத் தேச்சுட்டு இருக்காங்க!"

வாசலில் கார் சத்தம். கம்பெனியில் கூட வேலை பார்க்கும் வேலுமணி, குடும்பத்தோடு பத்தே முக்காலுக்கே வந்துவிட்டார். குளத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். அப்புறம் தண்ணீரில் நின்ற பெரியவரைப் பார்த்தார்.

"ஏனுங்க கதிரேசன், இந்த வயசுல அப்பாவையா இந்த வேலைக்கு உட்டீங்க? ஒரு ஆள் வெச்சிருக்கலாமில்லீங்க?"

கதிரேசனின் முகம் சுண்டிப்போனது. பத்து நாள் பாடு ஒரே கேள்வியில் போயே போய்விட்டது. அவர்களை உள்ளே காப்பிக்கு அனுப்பிவிட்டு, குளத்தின் ஓரத்தில் வந்து குந்தினான்.

"ஏனுங்கப்பா இப்படி மானத்தை வாங்கறீங்க? அப்பனை வேலை வாங்கறான்னு ஊரே பேசப் போகுது. எங்கீங்க இருக்குது பாசி? எனக்குக் காட்டுங்க!"

மயில்சாமி தேய்ப்பதை நிறுத்தினார். பிரஷைத் தண்ணீருக்குள் மறைத்துக் கொண்டார்.

"பாசி இல்ல கண்ணு."

"அப்பறம் என்னத்துக்குத் தேச்சுட்டே இருக்கறீங்க?"

"பண்ணாடி தோட்டத்துல நான் பண்ணையத்து ஆளா இருந்தப்ப, அவிய கெணத்துல வருசத்துக்கு ஒருக்கா பாசி எடுக்க என்னையத்தான் எறக்குவாங்க. நம்ம சனத்தை அந்தத் தண்ணியில கால் வெக்க உடறது அந்த ஒரு நாளுதான். அம்புட்டு சிலுசிலுன்னு இருக்கும். தண்ணி தெளிஞ்சுதுன்னா ஒடனே ஏறச் சொல்லிப்போடுவாங்க. அதனால ஒரு மூலையில மட்டும் கொஞ்சம் பாசிய உட்டு வெச்சுட்டு, பொழுதுக்கும் தேச்சுட்டே நிப்பேன்."

கதிரேசன் இன்னும் ஓரத்துக்கு நகர்ந்து குனிந்தான்.

"அப்பா... இது நம்ம குளமுங்கப்பா. இங்க உங்களை யாருங்க ஏறச் சொல்லப் போறாங்க?"

மயில்சாமி மகனைத் தயக்கத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

"காத்தால இருந்து நீ அதையேதான கண்ணு சொல்லிட்டு இருக்கறே?"