அரம் பட்ட இடம்

எதிர்க் கடை ஸ்பானர் சைக்கிள் நம்பரை அழிக்கிறார் என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னவர் தையல்காரர்தான்.

மூன்று வாரமாகத் தையல் மெஷினுக்குப் பின்னாலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார். ஸ்பானர் என்று தெருவே கூப்பிடும் அந்தச் சைக்கிள் ரிப்பேர்காரர், பழைய இரும்புக் கடையிலிருந்து ஏதாவது ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். தலைகீழாக நிறுத்துவார். பெடல்கள் சேருகிற இடத்துக்கு அடியில், கம்பெனி நம்பர் அடித்திருக்குமே, சரியாக அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். யாராவது வந்தால் சாக்கை எடுத்து மூடிவிடுவார்.

போன வருஷம் சைக்கிளைப் பறிகொடுத்த தையல்காரருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எஸ்.ஐ. அம்மா வந்து நின்றபோது ஸ்பானருக்குச் சாக்கை எடுக்க நேரமில்லை. கையில் பஞ்சு. பக்கத்தில் ஆசிட் பாட்டில். சைக்கிளின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இரும்பு கண்ணாடியாய்ப் பளபளத்தது. அங்கே ஓர் எண்கூட இல்லை.

"என்னய்யா இது?"

"சைக்கிள்மா."

பின்னாலேயே வந்திருந்த தையல்காரர், "நல்லவேளை, தையல் மெஷின்னு சொல்லல" என்றார்.

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. நம்பரை அழிப்பது ஒரு குற்றம், அழித்தது என்று தெரிந்தே வைத்திருப்பது இன்னொரு குற்றம், எதுவானாலும் வருஷக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும், கடையையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று நிதானமாகச் சொன்னார்.

ஸ்பானர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"அஞ்சு நிமிஷம் மட்டும் குடுங்கம்மா. பாதியில விட்டா கெட்டுப்போயிடும்."

இது திமிரா, வெகுளித்தனமா என்று எஸ்.ஐ.க்குப் பிடிபடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஸ்பானர் பஞ்சை ஆசிட்டில் தொட்டு அந்தப் பளபளப்பின் மேல் தடவினார். துடைத்தார். மறுபடி தடவினார். இரும்பு மெல்ல மங்கியது. மங்கலுக்குள் நிழல் மாதிரி ஒரு ஏழு தெரிந்தது. பக்கத்தில் ஒரு இரண்டு.

எஸ்.ஐ. ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார்.

"மேல இருக்கிற எழுத்தைத்தான் அரத்தால ராவ முடியும்மா. அச்சு வெச்சு அடிச்ச அடி உள்ளே வரைக்கும் இறங்கியிருக்கும். ராவுறவனுக்கு அது தெரியறதில்ல."

எட்டு எண்களும் வந்ததும் எஸ்.ஐ. ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். பழைய பட்டியலைப் புரட்டிப் பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று. ஒரு நர்ஸின் சைக்கிள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் காணாமல் போனது. மூன்று வருஷம் விடாமல் வந்து கேட்டுவிட்டு, அப்புறம் அந்த அம்மா வருவதை நிறுத்திவிட்டாராம்.

போனை வைத்த எஸ்.ஐ.க்கு வேறொன்று பொறிதட்டியது.

"எங்க ஸ்டேஷன் சுவரோரமா அப்பப்ப ஒரு பழைய சைக்கிள் நிக்கும். ஹேண்டில்ல ஒரு துண்டுச் சீட்டு, அதுல நம்பர். இதுவரைக்கும் முப்பத்தொண்ணு வந்திருக்கு. எல்லாமே உரியவங்க கைக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. அது நீங்களா?"

ஸ்பானர் பஞ்சைக் கீழே வைத்தார். எட்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டிலில் கட்டினார்.

தையல்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஓடிப்போய் மூன்று டீ வாங்கிவந்தார். எஸ்.ஐ. அதற்குள் பாராட்டுப் பத்திரம், விழா, மேடை என்று போய்விட்டிருந்தார். தெருவே கைதட்டுமாம்.

"அண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் தையல்காரர். "அப்படியே என் வண்டியையும் கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க."

"உங்களுது போன வருஷம் போனதுங்க. அது என்னால ஆகாது."

"அதென்ன கணக்கு?" என்றார் எஸ்.ஐ. "ஒன்பது வருஷத்துக்கு முந்தினது கிடைக்குது, போன வருஷத்துது ஆகாதா? இத்தனை குப்பைக்குள்ள, நம்பர் ராவின வண்டி மட்டும் எப்படி உங்க கண்ணுல படுது?"

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு அந்த டீயைக் குடித்திருக்கலாம். ஸ்பானர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"என் அரம் பட்ட இடம் எனக்குத் தெரியாதாம்மா? ராவினதே நான்தான். இன்னும் பதினோரு வண்டி கிடைக்கல."