நாலு இன்ச்

"இடுப்பு முப்பத்தெட்டு. போன வருஷ அளவேதான் அத்தை. கொடி மாதிரி அப்படியே இருக்கீங்க."

தையல்காரம்மா டேப்பைச் சுருட்ட, அத்தை பூரித்துப்போய்க் கிளம்பினார். கடைவாசல் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடித்து அவருக்கு வழிவிட்டது.

அடுத்து நுழைந்தவர் நகராட்சியின் மர அதிகாரி. தையல்காரம்மா போட்ட மனுவுக்காக வந்திருந்தார். கடையை ஒட்டி நிற்கும் வாகை மரத்தை வெட்டினால்தான் இன்னொரு அறை போட முடியும். கணவனை இழந்த தங்கை தன் தையல் மெஷினோடு வந்து சேர்ந்திருந்தாள். இடமில்லாமல் மெஷின் மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

"சுற்றளவு நாற்பது இன்ச்சைத் தாண்டினா வெட்டக் கூடாது, அதானே சார் நம்ம ஊர்ச் சட்டம்? இது முப்பத்தேழுதான். காலையில அளந்துட்டேன்."

அதிகாரி தன் டேப்பால் மரத்தைச் சுற்றினார். "நாற்பத்தொண்ணு."

"அதெப்படி? அதுக்குள்ள மரம் விருந்து சாப்பிட்டுட்டு வந்துச்சா?"

மறுபடி அளந்தார். அதே நாற்பத்தொண்ணு.

"சார், தெருவுல யாரை வேணாலும் கேளுங்க. என் டேப்பு பொய் சொன்னதே கிடையாது. என்ன எதிர்பார்க்கறீங்கன்னு நேரா சொல்லிடுங்க."

"நான் காசு வாங்கறதில்லைம்மா."

"காசு வாங்காதவர் எதுக்கு டேப்பு முனையைக் கட்டைவிரலால மூடிப் பிடிச்சிருக்கீங்க? எடுங்க."

அதிகாரி நெளிந்தார். தையல்காரம்மா டேப்பைப் பிடுங்கிப் பார்த்தார். முனை மொட்டை. முதல் நாலு இன்ச்சையே காணோம். எண் ஐந்தில்தான் ஆரம்பித்தது.

"கத்தரிச்சு வெச்சிருக்கீங்க. இதை உங்க ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டினா?"

"வேலை போயிடும்."

அதிகாரி குடியிருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த நகராட்சியில். இங்கே தும்மினால் அங்கே ஜன்னலைச் சாத்துவார்கள், அவ்வளவு பக்கம். சட்டம் மட்டும் வேறு.

"அங்கே முப்பத்தாறு தாண்டினாலே மரத்தைத் தொட முடியாதும்மா. இங்கே நாற்பது. அந்த நாலு இன்ச் வளர்றதுக்குள்ள அவசர அவசரமா வெட்டிடறாங்க. பாலத்துல நின்னு பாருங்க. அந்தப் பக்கம் தலை நிறைய முடி, இந்தப் பக்கம் வழுக்கை. சட்டத்தை மாத்தற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. டேப்பைத்தான் மாத்த முடிஞ்சுது."

தையல்காரம்மா மரத்தைப் பார்த்தார். அதன் நிழலில் உட்கார்ந்துதான் தங்கை பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

டேப்போடு உள்ளே போனார். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அதிகாரி வாசலில் நின்றபடி, வேலை போன சேதியை வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கினார்.

திரும்பி வந்த டேப்பின் முனையில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைத் துணி உறை தைத்திருந்தது. எண் எங்கே ஆரம்பிக்கிறது என்று இனி யாருக்கும் தெரியாது.

"கேட்டா, கை வழுக்காம இருக்கன்னு சொல்லுங்க. விரலால மறைச்சா என்னை மாதிரி இன்னொருத்தி பிடிச்சிடுவா. என் மனுவுல நாற்பத்தொண்ணுன்னே எழுதிக்கோங்க."

"அப்போ தங்கச்சி மெஷினு?"

"மரத்தடியிலேயே போட்டுக்கட்டும். மழைக்கு மட்டும் மேல ஒரு ஷீட்டு போட்டா ஆச்சு."

அதிகாரிக்கு நம்பவே முடியவில்லை. "உங்க டேப்பு பொய்யே சொல்லாதுன்னீங்களேம்மா?"

"டேப்பு சொல்லாது சார், நான் சொல்லுவேன். இப்போ போனாங்களே அத்தை, அவங்க இடுப்பு நாற்பத்திரண்டு. தைக்கப்போறதும் நாற்பத்திரண்டுக்குத்தான். மனசு நோகுமேன்னு வாயால மட்டும் முப்பத்தெட்டுன்னேன். நான் குறைச்ச நாலு இன்ச்சை நீங்க மரத்துல கூட்டிட்டீங்க. ஊர்க் கணக்கு சரியாப் போச்சு, போயிட்டு வாங்க."