மணிக்கட்டில் டியூப்

தோல் பதனிடும் கூடத்தில், சுண்ணாம்புத் தொட்டியருகே சவுரியம்மாள் ரப்பர் கையுறையை ஊதி வாளித் தண்ணீரில் அமுக்குகிறாள். கட்டைவிரல் நுனியில் குமிழிகள் கிளம்புகின்றன. பின்னால் அவள் புருஷன் ரத்தினசாமி, சுண்ணாம்பில் வெந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான். “ஓட்டைங்க மேஸ்திரி. இதோட தொட்டியில எறங்குனா இவருக்குக் கையே போய்டும்” என்கிறாள். “விரல்ல இன்னா ஓட்டை? மணிக்கட்டு வழியாத்தான் தண்ணி போவுது. இப்படிக் கட்டணும்” என்று மேஸ்திரி வீரபாகு அதைத் தானே மாட்டி, சைக்கிள் டியூப் துண்டால் மணிக்கட்டை இறுக்கிக் காட்டுகிறார். சவுரியம்மாள் அவர் பிடரியைப் பிடித்துத் தள்ளி, அந்தக் கையைத் தொட்டிக்குள் அழுத்துகிறாள். வெள்ளைக் குழம்பு தெறிக்கிறது. “எந்த வழியாப் போவுதுன்னு இப்ப சொல்லுய்யா!” அவர் அலறுகிறார். திமிறி விடுபட்டு, டியூப் முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கிறார். விரல் ஓட்டை வழியே உள்ளே புகுந்த சுண்ணாம்பு மணிக்கட்டு வழியாக வெளியே வர வழியில்லை. சுற்றி நிற்கும் வேலையாட்களில் அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு கையும் நீளவில்லை.