நேற்று சாயந்திரம் நடந்த பாடம்

"ஆஸ்மோசிஸ்னா கருவாட்டு மீனுல உப்பு போட்டா தண்ணி வெளிய வருமே, அதான் சார்."

நாகராஜன் அசந்துபோனார். ஒரு வாரமாகப் புத்தக இங்கிலீஷில் அவர் தொண்டை கிழியச் சொல்லியும் ஏறாத பாடம் அது.

"யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

"வெண்ணிலா டீச்சர்."

"எப்போ?"

"நேத்து சாயந்திரம்," என்றாள் பாக்யலட்சுமி.

வெண்ணிலா டீச்சர் போன தை மாதம் வில்லியனூர் ரோட்டில் லாரி மோதி இறந்துவிட்டார். அவருடைய வேலைக்குத்தான் நாகராஜன் வந்திருக்கிறார். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஸ்டாஃப் ரூமில் ஜெயா டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மூடிக் கிடக்கும் லேபிலிருந்து வெண்ணிலாவின் குரல் கேட்கிறதாம். பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்ற ஊரில் பேச்சு நடக்கிறதாம்.

"எல்லாம் நம்ம ஹெச்.எம். அந்தோணிசாமியால சார். வகுப்புல இன்னா, வூடுன்னு பேசறாங்கன்னு அவங்களுக்கு மெமோ மேல மெமோ. இது ஸ்கூலா, மீன் மார்க்கெட்டான்னு கேட்டாரு. அந்த ஆத்மா சும்மா விடுமா?"

சாயந்திரம் தூறல். கரண்ட் இல்லை. லேபுக்கு வெளியே சுவரில் சாய்ந்து பத்தாம் வகுப்பு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. நாகராஜன் காது கொடுத்துக் கேட்டார்.

"உப்பு தண்ணிய வா வான்னு இழுக்குதுடி. அவ்ளோதான். பேரப் பாத்து பயந்துடாதீங்க."

உள்ளே பிள்ளைகள் சிரிக்கும் சத்தம். வெளியே இருந்த பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. நாகராஜன் பாக்யலட்சுமி பக்கம் குனிந்தார்.

"செத்தவங்க குரலு பயமா இல்லையா?"

"புஸ்தகந்தான் சார் பயமா இருக்கு," என்றாள் பாக்யலட்சுமி.

அப்போது உள்ளே யாரோ இருமினார்கள். ஆணின் வறட்டு இருமல்.

"டீச்சர் பேசறப்பெல்லாம் அதுவும் வரும் சார்."

தினமும் காலைப் பிரேயரில் நாகராஜன் கேட்கிற இருமல்தான் அது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

இருட்டில் அந்தோணிசாமி தனியாக உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது. ஆனாலும் இருமல் மறுபடி கேட்டது, மேஜை மேலிருந்த அவருடைய போனிலிருந்து.

"கதவைச் சாத்துங்க சார். நான்தான் போடறேன்னு தெரிஞ்சா, இது உங்ககிட்ட எப்படி வந்துச்சுன்னு பிள்ளைங்க கேக்கும்."

"எப்படி சார் வந்துச்சு?"

அவர் நிமிரவில்லை.

"அந்தம்மாவுக்குப் பாடம் நடத்தத் தெரியலன்னு மேல எழுதிப் போட ஆதாரம் வேணும்னு, ஜன்னலோரம் ஒளிஞ்சு நின்னு நானே ரெக்கார்டு பண்ணது."